செத்தவர்கள் பேசக் கூடாது

ஆன்லைனில் துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிற எங்கள் குழுவில் சட்டம் என்று இருப்பது ஒன்றுதான். ரவுண்டில் செத்துப்போனவர் மைக்கில் பேசக் கூடாது. எதிரி எங்கே நிற்கிறான், எத்தனை பேர் என்று ஒரு வரி சொல்லலாம், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மற்றதெல்லாம் ரவுண்டு முடிந்த பிறகு. இதைப் பிடிவாதமாகக் கொண்டுவந்தவள் நான். தம்பிக்கு முதலில் பிடிக்கவில்லை. இப்போது என்னைவிட அவன்தான் கண்டிப்பு.

நாங்கள் கம்ப்யூட்டரில் ஆடும் அந்த கேம் வேலரண்ட். நான் இருப்பது வேலூர் சத்துவாச்சாரி. மெடிக்கல் கோடிங் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறேன். தம்பி ராணிப்பேட்டை சிப்காட்டில் ஷிஃப்டுக்குப் போகிறவன். அவனோடு படித்த நண்பன் ஒருவன், மேல்விஷாரத்துக்காரன். நாலாவது ஆள் குடியாத்தத்தில் இருக்கும் என் சித்தி மகள், ப்ளஸ் டூ படிக்கிறாள். 2020 ஊரடங்கில் பசங்க இரண்டு பேரும் மொபைலில் பப்ஜியே கதி என்று கிடந்தார்கள். அந்தச் செப்டம்பரில் மத்திய அரசு அதைத் தடை செய்ததும் தம்பி ஒரு பழைய கம்ப்யூட்டரை வாங்கினான். வேலரண்ட் அந்த ஜூன் மாதம்தான் வெளியாகியிருந்தது. அப்படியே அதற்கு மாறினார்கள், நான் பின்னால் சேர்ந்தேன். தங்கச்சி போன வருஷ லீவில் சேர்ந்தவள். அவள் அண்ணன் காலேஜுக்காக வாங்கிய லேப்டாப்பில் கிராஃபிக்ஸை எல்லாம் குறைத்துவைத்து ஆடுகிறாள்.

ஆடாதவர்களுக்காக நாலு வரி. ஐந்து பேருக்கு ஐந்து பேர். ஒரு பக்கம் ஸ்பைக் என்ற குண்டை வைக்கப் பார்க்கும், மறுபக்கம் தடுக்கும். ரவுண்டுக்கு 1 நிமிடம் 40 நொடி. குண்டை வைக்க 4 நொடி, வைத்த பிறகு 45 நொடியில் வெடிக்கும், அதை அணைக்க 7 நொடி வேண்டும். ஒரு ரவுண்டில் செத்தால் அடுத்த ரவுண்டு வரை உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதைப் பார்க்க வேண்டியதுதான். முதலில் 13 ரவுண்டு ஜெயிப்பவர்கள் மேட்சை எடுப்பார்கள். இந்த உட்கார்ந்து பார்க்கிற நேரத்தில்தான் எல்லா வம்பும் பிறக்கிறது. கைக்கு வேலை இல்லை, வாய்க்கு மைக் இருக்கிறது.

நாங்கள் நாலு பேர் என்பதால் ஐந்தாவது ஆள் எப்போதும் முன்பின் தெரியாத ரேண்டம். ஜெயித்தால் புள்ளி ஏறி, தோற்றால் இறங்குகிற ரேங்க் மேட்சில் நாலு பேர் சேர்ந்து போகவே முடியாது. தனியாகப் போகலாம், இரண்டு பேர், மூன்று பேர், ஐந்து பேர் போகலாம், நாலுக்கு மட்டும் இடமில்லை. நாலு நண்பர்கள் நடுவில் மாட்டுகிற அந்த ஒற்றை ஆள் என்ன பாடுபடுவான் என்று ஆடியவர்களுக்குத் தெரியும். தோற்றால் பழி அவன் தலையில்தான். அதனால் நாங்கள் ரேங்க் இல்லாத அன்ரேட்டட்தான் ஆடுகிறோம். அங்கே வரும் ஐந்தாவது ஆளுக்கு முதல் ரவுண்டிலேயே வணக்கம் சொல்லி, எந்தப் பக்கம் போகலாம் என்று அவனையே கேட்பது என் வழக்கம்.

ஒருநாள் அப்படி வந்த ஐந்தாவது ஆள் தமிழன். குரல் நன்றாக இருந்தது, கை அதைவிட நன்றாக இருந்தது. எங்கள் எல்லோரையும்விட நன்றாகச் சுட்டான். அசென்ட் என்கிற மேப், அதாவது ஆடுகளம், ஸ்கோர் 10-11, நாங்கள் ஒரு ரவுண்டு பின்னால். குண்டு வைக்கிற இடங்களில் ஒன்றான பி சைட்டில் குண்டை வைத்துவிட்டோம். அதற்குள் நாலு பேர் போய்ச் சேர்ந்துவிட்டோம். மிச்சம் தங்கச்சி மட்டும். சேஜ் என்ற பாத்திரத்தை எடுத்திருந்தாள், அவளுக்கு மற்றவர்களைக் குணப்படுத்துகிற ஆள்தான் பிடிக்கும். எதிரில் இரண்டு பேர். அவள் ஒரு பெட்டிக்குப் பின்னால் அசையாமல் நிற்கிறாள். அதுதான் சரி. அந்த நிலைமையில் அவள் யாரையும் தேடிப் போக வேண்டியதே இல்லை, நேரம் அவள் பக்கம் இருக்கிறது. குண்டை அணைக்க ஆரம்பித்தால் ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் கேட்டதும் எட்டிப் பார்த்துச் சுட்டால் போதும். அணைக்கிற நேரத்தில் அவனால் சுட முடியாது. எதிராளி கெட்டிக்காரனாக இருந்தால் அணைக்கிற மாதிரி சும்மா ஒரு தட்டு தட்டிவிட்டு நிறுத்துவான், இவள் வெளியே வரட்டும் என்று. பாதி அணைத்துவிட்டு விட்டாலும் அந்தப் பாதி கணக்கில் இருக்கும், மீண்டும் வந்து மீதி மூன்றரை நொடி மட்டும் பிடித்தால் போதும். இதெல்லாம் முழுக்க முழுக்கக் காதால் ஆடுகிற ஆட்டம். எதிரி ஓடினால் காலடி கேட்கும், ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடித்து மெல்ல நடந்தால் கேட்காது.

அந்த நேரத்தில் இவன் கத்த ஆரம்பித்தான். “வெளியே போ! போய் அடி! ஏன் ஒளிஞ்சுக்கற? லெஃப்ட்ல பாரு, லெஃப்ட், லெஃப்ட்!” நான் “யாரும் பேசாதீங்க, அவளுக்குக் கேக்கட்டும்” என்றேன். அவன் என்னையும் தாண்டிக் கத்தினான். தங்கச்சிக்கு அணைக்கிற சத்தம் கேட்கவில்லை. கேட்டபோது பாதி தாண்டியிருந்தது. பதறி வெளியே வந்தாள், காவலுக்கு நின்ற இரண்டாவது ஆள் சுட்டுவிட்டான். உடனே இவன், “பொண்ணுங்களை எல்லாம் எவன் உள்ளே விட்டான், போய் சமையல் பண்ணு” என்றான்.

தம்பி பொதுவாக மைக்கில் அதிகம் பேச மாட்டான். அன்றைக்குப் பேசினான். “நைனா, அவளுக்கு ஆடத் தெரியும். நீ காதை அடைச்சிட்ட, அதான் போச்சு. இனிமே செத்தா பேசாத.” அவன் பதிலுக்கு அம்மா, அக்கா எல்லோரையும் இழுத்தான். நாங்கள் நாலு பேரும் அவனை மியூட் செய்துவிட்டோம், மேட்ச் முடிந்ததும் ரிப்போர்ட் போட்டோம். அந்த மேட்ச் 11-13 என்று போனது.

அவன் திறமைசாலி என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ரவுண்டு தோற்றதற்குக் காரணம் அவன்தான். புது ஆளால் தோற்றோம் என்று சொல்கிற பத்து மேட்சை எடுத்துப் பிரித்துப் பார்த்தால், அதில் பலவற்றில் புது ஆள் செய்த தப்பைவிட, அந்தத் தப்புக்காகப் பழைய ஆள் போட்ட சத்தம்தான் ரவுண்டைக் கெடுத்திருக்கும். திட்டு வாங்கியவள் அடுத்த ரவுண்டில் இன்னும் மோசமாகத்தான் ஆடுவாள். கை நடுங்கும். திட்டினவனும் சரியாக ஆட மாட்டான், அவன் கவனம் தன் திரையில் இல்லை, அவள் திரையில் இருக்கிறது. மற்ற மூன்று பேரும் இந்தச் சண்டையைக் கேட்டுக்கொண்டு ஆடுகிறார்கள். ஒருத்தி செய்த தப்பு ஐந்து பேரின் ஆட்டத்தையும் தின்னும்படி ஆக்கியது யார்?

புது ஆள் என்னென்ன செய்வார் என்று எனக்கு இப்போது மனப்பாடம். ஓடிக்கொண்டே சுடுவார். இந்த ஆட்டத்தில் ஓடினால் தோட்டா சிதறும், நின்று சுட்டால்தான் போய்ச் சேரும். இரண்டு தோட்டா செலவானாலே ரீலோடு போடுவார், எதிரி அப்போதுதான் வருவான். நடக்கும்போது குறி தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும், எதிரியின் தலை உயரத்துக்கு அதைத் தூக்குவதற்குள் கதை முடிந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே, துப்பாக்கி வாங்க ஆட்டத்துக்குள் கிடைக்கிற காசு. முதல் ரவுண்டில் எல்லோருக்கும் 800. தோற்றால் அடுத்ததற்கு 1900 வரும், ஜெயித்தால் 3000. வாண்டல் துப்பாக்கி 2900, நல்ல கவசம் 1000. நாலு பேர் காசைச் சேர்த்துவைக்கும் ரவுண்டில் புது ஆள் மட்டும் இருப்பதையெல்லாம் போட்டு 1600க்கு ஸ்பெக்டர் என்ற சின்னத் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு நிற்பார். அடுத்த ரவுண்டில் மற்ற நாலு பேரிடம் வாண்டல் இருக்கும், அவரிடம் அதற்குக் காசு பற்றாது.

இதையெல்லாம் முதல் நாளே சொல்லிக்கொடுக்க முடியாது, கூடாது. எங்கள் சித்தப்பா குடியாத்தத்தில் கைத்தறி லுங்கி நெய்கிறவர். தறிக்கு வேலை கற்க வருகிற பையனை எடுத்தவுடன் தறிக்குழியில் இறக்க மாட்டார். முதலில் தார்க்குச்சியில் நூல் சுற்றச் சொல்வார். அது கை வந்த பிறகு அறுந்த இழையை முடியச் சொல்வார். பாவு நூலைத் தொடுவதெல்லாம் அப்புறம். நானும் தங்கச்சிக்கு முதல் வாரம் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன்: “3900 இருந்தா வாங்கு, இல்லன்னா எங்கள கேளு.” வாண்டலும் நல்ல கவசமும் சேர்த்து அவ்வளவு. அது பழகிய பிறகு ஓடாமல் நடக்க, பிறகு குறியைத் தலை உயரத்தில் வைக்க. ஒரு மேட்சுக்கு ஒரு விஷயம், அதற்கு மேல் இல்லை. செய்கிற மற்ற தப்பெல்லாம் கண்ணில் பட்டாலும் விட்டுவிட வேண்டும். இதுதான் கஷ்டம், அவளுக்கு இல்லை, எனக்கு.

அவளுக்கு ஒரு இடத்தையும் கொடுத்துவிடுவோம். “இந்த வாசலை மட்டும் பாரு. எவனாவது வந்தா ஒருமுறை சொல்லு, அடிக்க முடியலன்னா பின்னாடி வந்துடு.” சாகாமல் தகவல் சொல்வதே பாதி வெற்றி என்று அவளுக்குப் புரிய கொஞ்ச நாள் ஆனது. அது புரிந்த பிறகு பயம் போய்விட்டது. யாரிடமாவது காசு மிச்சம் இருந்தால் அவளுக்கு ஒரு வாண்டல் வாங்கிப் போடுவோம். இந்த ஆட்டத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த வசதி அதுதான், என் காசில் இன்னொருத்தருக்குத் துப்பாக்கி வாங்கித் தரலாம். தன் கூட்டாளிக்கு மட்டும் வாங்கிக்கொடுத்து, புது ஆளை வெறுங்கையோடு நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

இன்னொன்று பாஷை. நாங்கள் ஆடுவது மும்பை சர்வர். பேச்செல்லாம் பெரும்பாலும் இந்தியில் போகும். தங்கச்சி தமிழ் மீடியம். “பின்னாடி ஒருத்தன் வர்றான்” என்று யாரோ இந்தியில் கத்தினால் அவள் திரும்ப மாட்டாள், உடனே “செவிடா” என்று திட்டு. நான் இப்போது புது ஆள் யார் வந்தாலும் முதலில் கேட்பது என்ன பாஷை வரும் என்று. எதுவும் ஒத்துவரவில்லை என்றால் பிங். எதிரி நிற்கிற இடத்தில் ஒரு தட்டு தட்டினால் எல்லோர் திரையிலும் குறி விழும், அதற்கு மொழி வேண்டாம். ஊர் பேர் கேட்பார்கள், வேலூர் என்றால் ஒன்று ஜெயிலைப் பற்றிக் கேலி, இல்லையென்றால் “ஆஸ்பத்திரியா?” இதில் இரண்டாவது கேள்விக்கு நான் எப்போதும் மரியாதையாகப் பதில் சொல்வேன். அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் ஆடுகிறவர்களில் யாராவது ஒருவர், அப்பாவை சிஎம்சிக்கு அழைத்து வந்திருந்தோம் என்று சொல்வதுண்டு. அதற்கப்புறம் அந்த மேட்சில் சத்தமே இருக்காது.

கரண்ட் பற்றிச் சொல்லாமல் முடியாது. சித்திரை, வைகாசியில் எங்கள் ஊரில் ராத்திரி கரண்ட் போவது புதிது இல்லை. மேட்ச் நடுவில் ஒரு ஆள் சிலையாக நின்றால் பெரும்பாலோர் உடனே முடிவு கட்டிவிடுவார்கள், தோற்கிறோம் என்று ஓடிவிட்டான் என்று. நிஜமாகவே ஓடுகிறவர்களும் உண்டு. முதல் மூன்று ரவுண்டு போனதும் கோபித்துக்கொண்டு கிளம்புகிறவர்கள், வேண்டுமென்றே எதிரி முன்னால் போய் நிற்கிறவர்கள், சரணடையலாம் என்று ஓட்டுக் கேட்கிறவர்கள். அவர்களால் மிச்சம் நாலு பேருடைய அரை மணி நேரம் வீணாகிறது. ஆனால் கரண்ட் போனவர் திரும்பி வருவார். ஆட்டம் அவரை மீண்டும் உள்ளே விடும். வந்ததும் “சாரி, கரண்ட்” என்பார். அவரைப் பார்த்துக் கத்துவதால் என்ன கிடைக்கும்? நாங்கள் ஆள் நின்றுவிட்டால் அவர் இல்லாத பக்கத்தை யார் பார்ப்பது என்று மட்டும் பேசுவோம். வீட்டில் ரவுட்டருக்குச் சின்ன யுபிஎஸ் ஒன்று போட்டிருக்கிறேன், அது எல்லோராலும் முடியாது.

மொபைலில் ஆடுகிறவர்கள் இதைவிட மோசமானதையெல்லாம் பார்க்கிறார்கள். பப்ஜி 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்பி வந்தது. விஷாரத்து நண்பன் அதையும் விடவில்லை. அங்கே நாலு பேர் சேர்ந்தது ஒரு ஸ்குவாட், அதாவது குழு. தெரியாதவர்களோடு போனால், நாக் ஆகி, அதாவது அடிபட்டு விழுந்து கிடக்கும் புது ஆளைத் தூக்கிவிடாமல், அவன் சாகட்டும் என்று பக்கத்திலேயே காத்திருந்து அவன் பெட்டியை லூட் அடிக்கிறவர்கள் இருக்கிறார்களாம். ஜீப்பை எடுத்துக்கொண்டு மூன்று பேர் பாதுகாப்பான ஜோனுக்குள் போய்விடுவார்கள், நாலாவது பையன் எட்டு கிலோமீட்டர் மேப்பில் தன்னந்தனியாக ஓடிவந்து, ஜோனுக்கு வெளியே உயிரைக் குறைக்கிற நீலத்தில் செத்துப்போவான். கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. அந்தப் பையன் எங்கோ ஒரு வீட்டில் நிஜமாக உட்கார்ந்திருக்கிறான்.

ஏன் இவ்வளவு கோபம் என்று யோசித்தால், ரேங்க் ஒரு பெரிய காரணம். ஆர்பாட் எலோ என்ற இயற்பியல் பேராசிரியர் செஸ்ஸுக்காக உருவாக்கிய தரப்புள்ளி முறையை உலக செஸ் சம்மேளனம் 1970ல் ஏற்றுக்கொண்டது. ஆன்லைன் ஆட்டங்களின் ரேங்குக்கெல்லாம் அதுதான் முன்னோடி. செஸ்ஸில் தோற்றால் நான் தோற்றேன், என் புள்ளி போச்சு, பேச்சே இல்லை. ஐந்து பேர் ஆட்டத்தில் யாரோ ஒருவர் சறுக்கினாலும் ஐந்து பேர் புள்ளியும் இறங்குகிறது. 100 புள்ளி சேர்த்தால் அடுத்த படி என்று ராத்திரி ராத்திரியாகச் சேர்த்தவனுக்கு, அது தெரியாத ஒருத்தியால் போனதாகத் தோன்றுகிறது. தோன்றுவது இயற்கைதான், ஆனால் கணக்கு வேறு. என்னைத் தவிர மேட்சில் ஒன்பது பேர். நாலு பேர் என் பக்கம், ஐந்து பேர் எதிர்ப்பக்கம். அந்த ஒன்பதில் ஒரு சரியில்லாத ஆள் இருந்தால், அவர் எதிர்ப்பக்கம் போவதற்குத்தான் வாய்ப்பு அதிகம், ஒன்பதில் ஐந்து. நிறைய மேட்ச் ஆட ஆட இது எனக்குச் சாதகமாகத்தான் வரும், அந்தச் சரியில்லாத ஆள் நானாக இல்லாதவரை. எனக்கு எப்போதும் மோசமான டீம்தான் வருகிறது என்று சொல்கிறவர்கள் இதைக் காகிதத்தில் போட்டுப் பார்க்கட்டும்.

ஜெயித்தவர்கள் செய்வதும் சும்மா இல்லை. 13-2 என்று முடித்துவிட்டு எல்லோரும் பார்க்கிற சாட்டில் “ஈஸி” என்று போடுவது, செத்தவர் மேல் நின்று உட்கார்ந்து எழுவது. அதிலும் பழைய ஆள் புது அக்கவுண்ட் திறந்து, முந்தாநாள் கற்றுக்கொள்ள வந்தவர்களை வரிசையாக அடித்து சந்தோஷப்படுகிறானே, அதை என்னால் மன்னிக்க முடியவில்லை. லெவல் 20 வந்தால்தான் ரேங்க் மேட்ச் என்று ஆட்டத்தில் வைத்திருக்கிறார்கள். அந்த இருபது வரைதான் புது ஆட்கள் தப்பு செய்து கற்க இடம். அங்கேயும் போய் அவர்களை மிதித்தால் அவர்கள் எங்கேதான் கற்பார்கள்?

குரல் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பெண் குரல் என்று தெரிந்ததும் ஒன்று வழிவார்கள், இல்லை வசை. இதனால் மைக்கே போடாமல் ஆடுகிற பெண்கள் எனக்குத் தெரிந்தே பல பேர். மைக் இல்லாவிட்டால் தகவல் இல்லை, தகவல் இல்லாவிட்டால் “பேசவே மாட்டேங்கிறா, வேஸ்ட்” என்று அதற்கும் திட்டு. தங்கச்சியிடம் நான் சொல்லிவைத்திருப்பது, ஒரு வார்த்தை தப்பாக வந்தால் பதில் பேசாதே, மியூட், ரிப்போர்ட், அடுத்த ரவுண்டு. அவனைத் திருத்துவது அவள் வேலை இல்லை. கூட இருக்கிற ஆம்பிளைப் பசங்க வேலை அது. தம்பி அன்றைக்குப் பேசினான் பாருங்கள், அப்படி ஒரு குரல் அதே குழுவிலிருந்து வந்தால் பாதிப் பேர் அடங்கிவிடுகிறார்கள். பல நாள் மற்ற மூன்று பேர் சும்மா இருப்பதுதான் வசவைவிட அதிகம் வலிக்கிறது.

அந்த 11-13 மேட்ச் முடிந்த ராத்திரி தங்கச்சி போன் செய்தாள். அழுவாளோ என்று பயந்தேன். “அக்கா, அவன் கத்தாம இருந்திருந்தா எனக்குக் கேட்டிருக்கும் இல்ல?” என்றாள். கேட்டிருக்கும் என்றேன். “அப்டின்னா நான் நின்ன எடம் கரெக்டுதான?” கரெக்டுதான் என்றேன். அதற்கப்புறம் பத்து நிமிஷம் எந்தப் பெட்டிக்குப் பின்னால் நிற்பது என்றே பேசிக்கொண்டிருந்தோம்.

இப்போது அவளுக்குப் பொதுத்தேர்வு நெருங்குகிறது. லேப்டாப்பைச் சித்தப்பா பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார், நானும்தான் பூட்டச் சொன்னேன். அதனால் எங்களிடம் இரண்டு இடம் காலி. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் ஆடுவோம். காட்பாடி, ஆற்காடு, ஆம்பூர், எந்தப் பக்கமாக இருந்தாலும் சரி, இதுவரை ஆடியதே இல்லை என்றாலும் வாருங்கள். 3900 கணக்கை நான் சொல்லித் தருகிறேன், முதல் வாண்டல் என் காசில். செத்தால் மட்டும் பேசக் கூடாது.